ஆண்டுதோறும் பூக்காத பூவின் தேன்: மும்பைத் தமிழ்ச் சந்தைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மும்பை, தானே, நவி மும்பை வட்டாரங்களில் பொங்கல் சந்தையும் தமிழர் திருவிழாவும் நடத்தும் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வரும் தைக்கான கடை விண்ணப்பங்களை நீங்கள் வாங்கத் தொடங்கும் நேரம் இது. இடம் ஒதுக்கி முடிப்பதற்குள் ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரே ஒரு பூவின் பெயரைச் சொல்லித் தேன் விற்க வருகிறவர்களிடம், அந்தப் பூ எந்த மலையில், எந்த ஆண்டு, எந்த மாதம் பூத்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர்களை அந்தப் பெயரில் விற்க விடாதீர்கள். வெறுமனே "தேன்" என்று எழுதி விற்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதை எழுதக் காரணம், சென்ற தையில் நம் சந்தை ஒன்றில் பார்த்தது. எந்தச் சந்தை, எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை; இதே காட்சியை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். வாழைப்பூ வடைக்கும் பனங்கற்கண்டுக்கும் நடுவே ஒரு தேன் கடை. மேசையில் இரண்டு வரிசையாகப் பாட்டில்கள். ஒரு வரிசையில் "குறிஞ்சித் தேன், 12 ஆண்டுக்கு ஒருமுறை". அடுத்ததில் "கார்வித் தேன், 8 ஆண்டுக்கு ஒருமுறை, போரிவலி காட்டுத் தேன்". அரைக் கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல். கூட்டம் நெருக்கியடித்தது.

கடையில் நின்ற தம்பியிடம் கேட்டேன். "குறிஞ்சி எந்த வருஷம் எடுத்ததுப்பா?"

"இந்த வருஷம்தான் சார். ஃபிரெஷ்."

"எந்த மலை?"

"நம்ம ஊர் மலைதான் சார். ஒரிஜினல்."

அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை; யாரோ அட்டைப்பெட்டியில் அனுப்பியதை எடுத்து அடுக்கி விற்கிற பிள்ளை. ஆனால் அங்கே வரிசையில் நின்றவர்கள் கையில் காசை எடுத்து வைத்திருந்தார்கள். நம் சங்கத்தின் பெயர் பந்தலில் தொங்குகிறது, சங்கம் அழைத்த கடை என்றால் நம்பலாம் என்றுதான் அவர்கள் வாங்கினார்கள். அந்த நம்பிக்கைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

பூக்கும் கணக்கை முதலில் பார்ப்போம். மூணாறு, கொடைக்கானல் பக்கத்து மலைகளில் நீலக்குறிஞ்சி பெருவாரியாகப் பூத்தது 2006-லும் 2018-லும். அடுத்தது 2030. அதிலும் 2018-இல் கேரளத்தைப் புரட்டிப்போட்ட ஆகஸ்ட் மழை குறிஞ்சிக் காலத்தையும் விட்டுவைக்கவில்லை. எல்லா மலையும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை என்பது உண்மை. இடுக்கியின் கள்ளிப்பாறையில் 2022-இல் பூத்தது, மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். ஆகவே ஒருவர், "நான் விற்பது இந்த மலையில், இந்த ஆண்டு பூத்த குறிஞ்சியின் தேன்" என்றால் அதைக் காது கொடுத்துக் கேட்கலாம், விசாரிக்கலாம். "இந்த வருஷம், நம்ம ஊர் மலை" என்பதை விசாரிக்க என்ன இருக்கிறது? இன்னொன்றும் உண்டு. மூணாறு பக்கம் குறிஞ்சி செறிந்து பூக்கும் இடங்களில் பெரும்பகுதி இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே தேன் எடுத்து விற்க முடியாது. செடியும் சுகமாக இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் நீலக்குறிஞ்சியை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு தையிலும் மேசை நிறையப் புதுக் குறிஞ்சித் தேன் வந்து நிற்கிறதென்றால், நமக்குச் சந்தேகம் வர வேண்டாமா?

கார்விக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். மும்பையில் வாழும் நமக்குக் குறிஞ்சியை விடக் கார்வி நெருக்கமானது, ஆனால் நம்மில் பலருக்கு அதைத் தெரியாது. நீலக்குறிஞ்சியின் அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. கார்வி, ஸ்ட்ரோபிலாந்தஸ் கலோசா. ஒரே பேரினம், உடன்பிறப்பு. முலுண்டிலும் போரிவலியிலும் பாண்டுப்பிலும் குடியிருக்கிறோம். நம் வீட்டுக்குப் பின்னால் தெரிகிற மலை சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. அந்த மலைச் சரிவில் கார்வி புதராக அடர்ந்து, ஆளுயரத்தைத் தாண்டி வளர்கிறது. ஏழு ஆண்டு வெறும் இலை. எட்டாம் ஆண்டு, மழைக்காலம் முடியும் தறுவாயில், ஆகஸ்ட் கடைசி தொடங்கி அக்டோபர் வரை, சரிவு முழுக்க ஊதாவாகிறது. 2016-இல் அப்படிப் பூத்தது, 2024-இல் பூத்தது. இனி 2032. பூத்து, காய்த்து, செடி செத்துவிடும். காய் மட்டும் காய்ந்த கிளையில் கோடை முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த மழையின் முதல் ஈரம் பட்டதும் பட் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். நம் பிள்ளைகள் குறிஞ்சித் திணையைப் பள்ளி, தமிழ் வகுப்பு, பட்டிமன்றம் என்று எல்லா இடத்திலும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். குறிஞ்சியின் தங்கை லோக்கல் ரயிலில் இருந்து பார்த்தால் தெரியும் மலையில் பூப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வார்லி, மகாதேவ் கோலி மக்களுக்கு இது வீடு கட்டும் செடி. கார்விக் குச்சிகளை நெருக்கமாக நட்டு, மண்ணும் சாணமும் பூசிச் சுவர் எழுப்புவார்கள்.

அதன் தேனைப் பற்றி. இது பேச்சுக்குச் சொல்லும் அபூர்வம் இல்லை. அரசின் தர விதியிலேயே கார்வித் தேனுக்குத் தனி வரி இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, பொதுவாகத் தேனில் சுக்ரோஸ் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கார்வித் தேனுக்கு மட்டும் 10 சதவீதம் வரை அனுமதி. பூவில் இருந்து அல்லாமல் இலைப் பூச்சிகள் சுரக்கும் இனிப்பில் இருந்து தேனீ எடுக்கும் தேனுக்கும் அதே அளவு. ஆக, நல்ல கார்வித் தேனைப் பொது அளவுகோலில் வைத்தால் சர்க்கரை கலந்ததாகத் தோன்றக்கூடும் என்பதை விதி எழுதியவர்களே அறிந்திருந்தார்கள்.

இன்னொரு குணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கார்வித் தேன் ஓடாது. பாட்டிலுக்குள் தயிர் போல உறைந்து நிற்கும். கரண்டியை விட்டுக் கலக்கினால் இளகி ஓடும். அசைக்காமல் வைத்தால் மறுபடி இறுகும். உலகத்தில் மிகச் சில தேன்களுக்கே இந்தக் குணம் உண்டு. ஸ்காட்லாந்துப் பக்கத்து ஹெதர் தேன், நியூசிலாந்தின் மனுகா, நம் கார்வி என்று தேன் ஆய்வாளர்கள் சேர்த்துச் சொல்வார்கள். அப்படிப்பட்ட தேனை மெஷினில் போட்டுச் சுற்றினால் மற்றத் தேன் மாதிரி அடையை விட்டு லேசில் வராது. மகாபலேஷ்வர் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வாங்கிய கார்வித் தேன் என் வீட்டில் இருக்கிறது. மூடியைத் திறந்து பாட்டிலைக் கவிழ்த்தால் தேன் மெல்லச் சாய்ந்து நிற்கிறது, விழுவதில்லை. அடர்ந்த பொன்பழுப்பு நிறம். உள்ளே சிறு காற்றுக் குமிழ்கள் மேலே வர வழியில்லாமல் அங்கங்கே மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஸ்பூனால் நாலு சுற்றுச் சுற்றினால் ஒழுகுகிறது. இரவு விட்டு வைத்தால் காலையில் பழையபடி.

சந்தையில் வாங்கிய "கார்வித் தேன்" பாட்டிலைச் சாய்த்ததுமே வெல்லப்பாகு மாதிரி மளமளவென்று கொட்டியது. "குறிஞ்சித் தேன்" பாட்டிலும் அப்படியே. நிறமும் ஒன்று, மணமும் ஒன்று. மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் காலம் தள்ளியவன் நான், சும்மா விட மனம் வரவில்லை. தேனின் நீர்ச்சத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. இரண்டிலும் நீர்ச்சத்து 20 சதவீதத்துக்கு மேல். விதி 20-ஐத் தாண்டக் கூடாது என்கிறது, தாண்டினால் தேன் புளிக்கத் தொடங்கும். தாவரவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் நுண்ணோக்கியில் மகரந்தத்தைப் பார்த்தார். குறிஞ்சி பாட்டிலில் மகரந்தமே அரிதாக இருந்தது. கார்வி பாட்டிலில் தென்னை மகரந்தம் நிறைய, ஸ்ட்ரோபிலாந்தஸ் வகை கண்ணில் படவில்லை. ஓர் ஆசிரியர் ஓய்வு நேரத்தில் பார்த்தது இது. ஆய்வக அறிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்க இது போதும்.

"போரிவலி காட்டுத் தேன்" என்ற வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போரிவலி காடு என்றால் தேசியப் பூங்கா. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் இருந்து வனப்பொருளை எடுத்து விற்கக் கூடாது. தேனும் மெழுகும் வனப்பொருள் என்று 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டமே சொல்கிறது. ஆகவே அந்த லேபிள் உண்மை என்றால் சட்டத்தை மீறி எடுத்த தேன். பொய் என்றால் ஏமாற்று. இரண்டில் எதுவாக இருந்தாலும் நம் பந்தலில் அதற்கு இடம் இல்லை.

காட்டில் வாழும் பழங்குடி மக்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன் உள்ளிட்ட சிறு வனப்பொருள்கள் மேல் உரிமை தருகிறது. அந்த உரிமையோடு எடுத்து விற்கிற மக்கள் மகாராஷ்டிரத்திலும் உண்டு, நீலகிரியிலும் உண்டு. அவர்கள் பெயரையும் படத்தையும் லேபிளில் போட்டுவிட்டு, அவர்கள் கண்ணில் கூடப் படாத பாகை உள்ளே ஊற்றி விற்பது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். வாங்குகிறவருக்கு நஷ்டம் ஆயிரம் ரூபாயோடு போகிறது. பாறையில் தொங்கித் தேன் எடுப்பவர் நாளைக்கு நேர்மையான விலை சொன்னால், "இதுதான் சந்தையில் எப்பவும் கிடைக்குதே" என்று நாமே பேரம் பேசுவோம்.

அந்தக் கடையில் நடந்த சோதனையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மக்கள் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டுத் தேனை விடுகிறார்கள். கரையாமல் அடியில் போய் உட்காருகிறது. "பாருங்க, சுத்தமான தேன்" என்கிறார்கள். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அதையேதான் செய்யும். காகிதத்தில் ஊறாது, தீக்குச்சியில் எரியும், எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்று நாம் பரம்பரையாகச் சொல்லி வருபவை எல்லாம் தேன் எவ்வளவு கெட்டி என்பதைத் தாண்டி எதையும் சொல்வதில்லை. இப்போது வருகிற பாகுகள் அரிசியில் இருந்தும் சோளத்தில் இருந்தும் ஆய்வகச் சோதனையை ஏமாற்றுவதற்கென்றே தயாராகின்றன. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்த முடிவை வெளியிட்டது. கலந்த பாகைக் கண்டுபிடிக்க ஜெர்மனியில் செய்த அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை (என்.எம்.ஆர்) உட்பட எல்லாவற்றிலும் தேறியவை 3 மட்டும். கம்பெனிகள் அதை மறுத்தன. யார் சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பெரிய கடையின் தேனுக்கே இவ்வளவு சோதனை தேவைப்படும் காலத்தில், டம்ளர் தண்ணீரை நம்பி ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்கிறோம்.

அப்படியானால் ஆய்வக அறிக்கை கேட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரே பூவின் தேன் என்று லேபிளில் போட வேண்டுமானால், அந்தச் செடியின் மகரந்தம் மொத்த மகரந்தத்தில் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. நல்ல விதிதான். ஆனாலும் மகரந்தம் முழுக் கதையைச் சொல்வதில்லை. மார்த்தாண்டத்தில் இருந்து வருகிற ரப்பர் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரிக்காரர்கள் இங்கே தாராவியிலும் செம்பூரிலும் நிறைய இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் காலத்தில், இலைக் காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். தேனீ அதைத்தான் எடுக்கிறது, பூவை நாடுவதே குறைவு. ஆகவே அந்தத் தேனில் ரப்பர் மகரந்தம் பெரிதாக இருக்காது. நூற்றுக்கு நூறு ஒரே மரத்தின் தேன், ஆனால் மகரந்தக் கணக்கில் அதை நிரூபிக்க முடியாது! நியூசிலாந்துக்காரர்கள் இதே சிக்கலை மனுகாவில் சந்தித்தார்கள். கடைசியில் 2018-இல் நான்கு வேதிப்பொருள் அடையாளமும் மகரந்தத்தின் ஒரு மரபணு அடையாளமும் சேர்ந்து இருந்தால்தான் ஏற்றுமதிக்கு மனுகா என்ற பெயர் என்று அவர்கள் அரசு விதித்தது. குறிஞ்சிக்கோ கார்விக்கோ நம்மிடம் அப்படி ஒரு முழு அளவுகோல் இன்னும் இல்லை.

அதனால்தான் இடமும் மாதமும் கேளுங்கள் என்கிறேன். மார்த்தாண்டத்துக்காரர் "மாசி, பங்குனியில் ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்து எடுத்தது" என்று சொல்வார்; அது பொருந்துகிறது. மகாபலேஷ்வர்க்காரர் "நாவல் தேன் கோடையில், மழைக்கு முன்னால்" என்று சொல்வார், அதுவும் பொருந்துகிறது. பெட்டி வைத்திருக்கிறவருக்குத் தன் தேன் எந்த மாதத்துத் தேன் என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை, அவர் பிழைப்பே பூக்காலத்தைப் பின்தொடர்ந்து போவதுதான். தெரியாதவர் பெட்டி வைத்திருப்பவர் இல்லை, அவரிடம் வாங்கியவரும் இல்லை. இந்த ஒரு கேள்வி பாதிக் கடைகளைச் சலித்துவிடும், காசு செலவில்லாமல்.

ஆண்டு கேட்பதற்கு வேறு காரணமும் உண்டு. 2024 பூப்பின் கார்வித் தேன் இன்றைக்கும் யாரிடமாவது இருக்கலாம், தேன் கெடாது. ஆனால் மும்பை வெயிலில், தகரக் கூரைக் கிடங்கில் கிடந்த தேன் கறுக்கும், ஹெச்.எம்.எஃப் என்ற பொருள் அதில் கூடிக்கொண்டே போகும். விதிப்படி அது கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பழைய தேன் என்றால் பழையது என்று எழுதட்டும், குளிர்ச்சியில் வைத்திருந்தால் அதையும் எழுதட்டும். வாங்குகிறவர் தெரிந்து வாங்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன், பூவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அந்தக் கடையின் தட்டியில் "பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க உகந்தது" என்று எழுதியிருந்தது. தயவுசெய்து அடுத்த முறை அப்படி ஒரு தட்டியைப் பார்த்தால் உடனே கழற்றச் சொல்லுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. சுத்தமான தேன், காய்ச்சாத தேன், காட்டுத் தேன், எதுவானாலும். தேனில் பொட்டுலினம் என்ற கிருமியின் விதை இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து தசையைச் செயலிழக்க வைக்கும். நம் ஆச்சிமார் ஆசையோடு நாக்கில் தொட்டு வைப்பார்கள், அவர்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியதும் நம் வேலை. "சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்ற தட்டிக்கும் இதே பதில்தான். தேனும் சர்க்கரையே.

கருங்கோல் குறிஞ்சிப் பூவில் இருந்து தேனீக்கள் பெருந்தேன் சேர்க்கிற மலைநாடு என்று சங்கப் பாடல் ஒன்று சொல்கிறது. அந்த வரி அந்தப் பாட்டிலில் தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. எனக்கு அதைப் பார்த்து வலித்தது. ஒரு மலை முழுக்க ஒரே நேரத்தில் பூத்தால்தான் தேனீ ஒரே பூவின் தேனைச் சேர்க்க முடியும் என்பதை அந்தப் புலவர் பார்த்து எழுதியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து வருவது என்பதால்தான் அந்தத் தேனுக்கு அந்த மதிப்பு. அதை ஒவ்வொரு தையிலும் கிடைக்கும் சரக்காக ஆக்கிவிட்டு, அந்த வரியையும் சாட்சிக்கு இழுக்கிறோம். வெளியூரில் தமிழ் வளர்க்கிறோம் என்று நீங்கள் சொல்வதை நான் மதிக்கிறேன், அதற்காக உழைப்பதையும் பார்க்கிறேன். அந்த உழைப்பின் நடுவே இந்தப் பாட்டில் இருக்கக் கூடாது.

என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். கடை விண்ணப்பத்தில் தேன் விற்பவர்களுக்கென்று நாலு வரி சேருங்கள்: எந்த ஊர், யார் எடுத்தது, எந்த மாதம், எந்த ஆண்டு. ஒரே பூவின் பெயர் போட்டால் மகரந்த அறிக்கையின் நகல். மலைத்தேனா, கொம்புத்தேனா, பெட்டித் தேனா என்பது. அதை அப்படியே ஓர் அட்டையில் எழுதிப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மருத்துவ வாக்குறுதி எதுவும் வேண்டாம். உணவு உரிம எண் லேபிளில் இருக்கிறதா என்று ஏற்கெனவே பார்க்கிறீர்கள், நல்லது, ஆனால் அது கடைக்கு உரிமம் உண்டு என்று மட்டும்தான் சொல்கிறது. பூவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அதோடு, மகாபலேஷ்வர்க்காரர்களுக்கு ஓர் இடம் கொடுங்கள். வாடகை வாங்காமல் கொடுத்தாலும் தகும். மகாராஷ்டிர மாநிலக் காதி கிராமத் தொழில் வாரியத்தின் தேன் இயக்குநரகம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்து மாங்கர் கிராமத்தை 2022-இல் நாட்டின் முதல் தேன் கிராமமாக அறிவித்தார்கள். தேனீ ஆராய்ச்சிக்கென்றே 1962-இல் தொடங்கிய மத்திய மையம் புணேயில் இருக்கிறது. மும்பையில் இருந்து ஒரு நாள் பயணத் தூரத்தில் இத்தனையும் இருக்க, எங்கிருந்தோ வந்த அட்டைப்பெட்டியை நம்ப வேண்டியதில்லை. அவர்களிடம் கார்வித் தேன் எல்லா ஆண்டும் இருக்காது. இல்லாத ஆண்டில் நாவல் தேன் இருக்கும், கடுக்காய்ப் பூவின் தேன் இருக்கும். "இந்த வருஷம் கார்வி இல்லை" என்று ஒரு கடைக்காரர் நம் சந்தையில் சொல்வதை நம் பிள்ளைகள் கேட்கட்டும். ஒரு பூ தன் காலத்தில்தான் பூக்கும் என்பதை எந்தத் தமிழ் வகுப்பும் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. மார்த்தாண்டம் ரப்பர் தேனையும் அதன் பெயரிலேயே விற்கச் சொல்லுங்கள். ரப்பர் என்ற சொல்லை லேபிளில் போடக் கூச்சப்பட்டு "மலைத்தேன்" என்று போடுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விலை குறைவு, நேர்மையான தேன்.

2032-ஐப் பற்றி இப்போதே ஒரு வேண்டுகோள். 2024-இல் பூங்காவில் கார்வி பூத்தபோது கூட்டம் கூட்டமாகப் போனோம். சிலர் கிளையை ஒடித்துக் கையில் பிடித்துப் படம் எடுத்ததையும் பார்த்தேன். பூத்த ஆண்டில் ஒடிந்த கிளையில் இருந்து விதை விழாது, அந்த இடத்தில் அடுத்த தலைமுறைச் செடி குறையும். அடுத்த முறை சங்கம் சார்பில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு. தேன் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பூங்கா வாசலில் வந்து நின்றால் வாங்காதீர்கள். நம் அடுக்குமாடிகளின் பால்கனிக்கு அடியில் வந்து கட்டும் மலைத்தேனீக்கள்தான் அந்தப் பூக்களுக்கும் போகின்றன. ராட்டைக் கண்டதும் பூச்சிமருந்து அடிக்க ஆள் கூப்பிடும் குடியிருப்புச் சங்கங்களில் நம் ஆட்களும் நிர்வாகிகளாக இருக்கிறார்கள். அவர்களிடமும் பேசுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் சேர்க்க வேண்டிய வரிகளைத் தமிழிலும் இந்தியிலும் எழுதித் தர நான் தயார். சந்தை நாளில் ரிஃப்ராக்டோமீட்டரோடு ஒரு மூலையில் உட்கார்ந்து, வாங்கியவர்கள் கேட்டால் நீர்ச்சத்தைப் பார்த்துச் சொல்லவும் தயார். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால், மகாபலேஷ்வர் பாட்டிலையும் சந்தையில் வாங்கிய இரண்டையும் கொண்டு வருகிறேன். மூன்றையும் உங்கள் கையாலேயே சாய்த்துப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

அன்புடன்,
முலுண்டில் இருந்து ஒரு தமிழ்ச் சந்தை வாடிக்கையாளர்